எறும்பு வராத இனிப்பு

பின்னேரம் நான்கு மணிக்கு அருமைநாயகி காணாமற் போவாள். அதிக நேரமில்லை, ஒரு பேணி பால் விடாத பிளேன்ரீ குடித்து முடிகிற அளவுக்குத்தான். குசினிக் கதவுக்கும் காஸ் சிலிண்டருக்கும் இடையில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கக்கூடிய இடம் இருந்தது. அங்கே நின்று, சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பழைய பால்மாத் தகர ரின்னை எடுப்பாள். அதற்குள் பதநீர் காய்ச்சிய பனங்கட்டி இருக்கும். விரல் நுனியளவு உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி, ஒரு மிடறு என்று குடிப்பாள். கடைசி மிடறோடு கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வெளியே வருவாள். அப்போது அவள் மறுபடியும் கமராவுக்குத் தெரிவாள்.

அந்த இடத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே மகள்தான். இரண்டு வருசத்துக்கு முன்னர் டினேஸ் என்ற மெக்கானிக் வந்து, குசினியும் சாப்பாட்டு மேசையும் ஒன்றாகத் தெரியும்படி சுவர் மூலையில் கமராவைப் பூட்டினான்.

"அன்ரி, ஒருக்கா குசினிக்குள்ளை நடந்து காட்டுங்கோ" என்றான்.

அருமைநாயகி நடந்தாள். பாரிசில் இருந்த மகள் றஜிதா போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். "தெரியுது… தெரியுது… ஆ, இப்ப இல்லை… இப்ப தெரியுது. காணும் தம்பி, நல்லாயிருக்கு."

அந்த "இப்ப இல்லை" எந்த இடத்தில் வந்தது என்பதை அருமைநாயகி மனதில் குறித்துக்கொண்டாள். ஏன் குறித்தாள் என்று அன்றைக்கு அவளுக்கே தெரியாது.

மகளைக் குறை சொல்ல முடியாது. அருமைநாயகியின் கணவர் சந்தியோகு குருநகரில் நாற்பது வருசத்துக்கு மேல் கடல் தொழிலுக்குப் போனவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்தும் அதை ஒரு வருத்தமாக அவர் எடுக்கவில்லை. ஒருநாள் கெளிறு மீன் முள் காலில் ஏறியது. அந்தக் காயம் மூன்று மாதமாக ஆறாமல் கிடந்து, கடைசியில் இரண்டு விரல்களைக் கழற்றவேண்டி வந்தது. றஜிதா வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி மர வாங்கிலேயே கிடந்தாள். திரும்பிப் போவதற்கு முதல் நாள் குசினியை வெறுமையாக்கினாள். சீனிப் போத்தல், பனங்கட்டிக் குட்டான், கல்லாக்காரம், ரின்பால், விசுக்கோத்து என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, யோசப்பின் என்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். அந்த இடத்தில் நெருப்புப் பெட்டியை விடச் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்தாள். மேலே தட்டினால் 'டிக்' என்று ஒரு பொட்டளவு மாத்திரை, ஒரு குளிசை, விழும்.

"இது சீனி மாதிரித்தான் அம்மா. ஒரு குளிசை ஒரு கரண்டி சீனிக்குச் சமன். ஆனா உடம்பிலை ஒண்டும் சேராது. நாக்குக்கு மட்டும்தான் இனிப்பு. வந்த மாதிரியே வெளியிலை போயிடும்."

"ஒண்டும் செய்யாமல் திரும்பிப் போறதெண்டால் பேந்து என்னத்துக்கு வாறது?" என்றார் சந்தியோகு.

றஜிதா சிரிக்கவில்லை. பிளாஸ்டர்த் துண்டொன்றில் '1 குளிசை = 1 கரண்டி சீனி' என்று எழுதி, அம்மா மறந்துவிடக் கூடாதென்று பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அருமைநாயகிக்குச் சீனி வருத்தம் இல்லை. கிளினிக்கில் கணவரோடு போனபோது அவளுக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். "அம்மா, உங்களுக்கு ஒரு பிழையும் இல்லை" என்று சொன்னார்கள். அதை மகளிடம் சொன்னபோது றஜிதா, "அப்பா பாத்துக்கொண்டிருக்க நீங்கள் சீனி போட்டுக் குடிச்சால் அவருக்கு ஆசை வராதோ அம்மா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த நியாயத்துக்குள் நின்று அருமைநாயகியால் கையைக் காலை அசைக்க முடியவில்லை.

முதல் நாள் சந்தியோகு குளிசையைத் தேத்தண்ணிக்குள் போடவில்லை. பிறந்ததிலிருந்து இனிப்பைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடித்த மனுசன். இதையும் உள்ளங்கையில் வைத்துக் கடித்தார். முகம் கோணியது.

"என்னப்பா?"

"பொறு. இனிக்குது… இனிக்குது… ஐயோ, இது நிக்குதில்லையே!"

மூன்று வாய் தேத்தண்ணி விட்டுக் கொப்பளித்தும் அந்த இனிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. பின்னால் தகரத்தை நக்கின மாதிரி ஒரு கசப்பு வந்தது. மத்தியானம் விளைமீன் குழம்பு தித்தித்தது என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "குழம்புக்கை சீனி போட்டனியோ?" என்று மனைவியை ஏசினார். அன்றிலிருந்து குளிசை தேத்தண்ணிக்குள்ளேதான் விழுந்தது.

அந்த வருச நத்தார்ப் பண்டிகைக்கு மகள் அந்த இனிப்பைப் பொடியாகவும் அனுப்பினாள். சமையலுக்கு அதுதான் நல்லது, சூட்டுக்கும் இனிப்புக் கெடாது என்றாள். அருமைநாயகி அதில் கேக் போட்டாள். ஒரு இறாத்தல் சீனி போகிற இடத்தில் ஒரு பிடி பொடி போதும் என்றால் மிச்ச இடத்தை எதனால் நிரப்புவது? கேக் எழும்பவில்லை, சிவக்கவுமில்லை. வெளிறிப்போய், சூளையில் வேகாத ஓடு மாதிரிப் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்தது. சீனிதான் இத்தனை வருசமாகக் கேக்கைப் பழுதாகாமல் வைத்திருந்தது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கருவாடு போட்டுப் பிழைத்த கைக்கு இது முதலே விளங்கியிருக்க வேண்டும். உப்பு மீனைக் காப்பது போலத்தானே சீனி கேக்கைக் காத்தது.

மயிலிட்டியில் பிறந்தவள் அருமைநாயகி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து குருநகருக்கு வந்தாள். இங்கேயே கலியாணம் கட்டினாள். இருபது வருசம் வெயிலில் குந்தியிருந்து மீன் கிழித்துக் காயப்போட்டாள். பள்ளிக்கூட மண்டபத்தில் அகதியாகப் படுத்திருந்த நாளிலும் நான்கு மணிக்கு எங்கிருந்தாவது ஒரு துண்டுப் பனங்கட்டி அவள் கைக்கு வந்திருக்கிறது. யாரிடமும் அதற்காகக் கேட்டு நின்றதில்லை. இப்போது சொந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கடிக்க வேண்டியிருந்தது. அதுவும் பிடிபட்டால் போய்விடும். யோசப்பின் மாதத்துக்கு ஒரு தரம் மீன் பையின் அடியில் பனங்கட்டியைச் சுற்றிக் கொண்டுவருவாள். மேலே சூடை மீன் கிடக்கும்.

"நாயகியக்கா, கஞ்சா கடத்துறவன்கூட என்னைப் போலப் பயப்பிடமாட்டான்" என்று காதுக்குள் சொல்வாள். "பிடிபட்டால் என்ரை பேரைச் சொல்லிப் போடாதேங்கோ. உங்கடை மோள் எனக்கும் ஒரு கமரா அனுப்பிப் போடுவாள்."

ஆனால் ஆபத்து யோசப்பினால் வரவில்லை. எறும்பால் வந்தது.

குளிசையை எறும்பு தேடி வராது. அந்த வீட்டில் இரண்டு வருசமாக எறும்பே இல்லை. இனிப்புத் தேத்தண்ணி சிந்தினாலும் மேசை வெறிச்சென்று கிடக்கும். எறும்பை ஏய்க்க முடியாது என்று சந்தியோகு சொல்வார். ஆகவே தவக்காலத்தில் ஒருநாள் யன்னலோரம் ஒரு கறுப்பு வரிசை புறப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போனபோது, அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது.

"அம்மா" என்றது கமரா. மகளின் குரல் அதற்குள்ளிருந்து திடீர் திடீரென்று வரும். இரண்டு வருசமாகியும் அருமைநாயகி ஒவ்வொரு தரமும் சீலைத் தலைப்பைச் சரிசெய்வாள். "சுவரிலை கறுப்பா ஒரு கோடு தெரியுது. என்ன அது?"

"வெடிப்புப் பிள்ளை."

"நேற்று இல்லையே."

"புது வெடிப்பு."

"அது அசையிற மாதிரிக் கிடக்கு அம்மா."

மேசையடியில் இருந்த சந்தியோகு பேப்பரைத் தாழ்த்தாமலே, "உன்ரை இன்ரநெற் வேலை செய்யாமல் இழுக்குது போலை" என்றார்.

அன்று அவள் மண்ணெண்ணெய்த் துணியால் எறும்பைத் துடைத்தாள், ரின்னைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டினாள். இனி வேண்டாம், கொண்டுபோய் யோசப்பினிடம் கொடுத்துவிடலாம் என்றும் யோசித்தாள். நான்கு மணியானதும் கால் தானாக அந்த இடத்துக்குப் போனது.

யேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி வந்தது. கோயிலில் மணி அடிக்காத நாள். குருநகரில் ஒரு கடை திறக்காது, ஒரு படகு இறங்காது. காலையிலேயே ஒழுங்கைச் சனம் முழுவதும் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டது. யோசப்பின் வீட்டுப் படலையும் பூட்டிக் கிடந்தது. சந்தியோகுவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. மூன்று மணி வழிபாட்டுக்கு ஓட்டோவில் போவதென்று இருவரும் வீட்டில் நின்றார்கள்.

காலை ஏழு மணிக்கு வழமைபோல் அவள் கணவருக்கு இன்சுலின் ஊசி போட்டாள். ஓட்ஸ் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி யன்னலோரம் அவர் கையில் கொடுத்தாள்.

"இண்டைக்கு ஒருசந்தி விரதமெல்லே?" என்றார்.

"வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லையெண்டு சுவாமி பிரசங்கத்திலையே சொன்னவர். ஊசி போட்டாச்சு. குடியுங்கோ."

"குடிக்கிறன். நீ போய் உன்ரை வேலையைப் பார்."

அவள் கிணற்றடிக்குப் போய் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தபோது கோப்பை வெறுமையாக இருந்தது. யன்னலுக்கு வெளியே கோழிகள் எதையோ கொத்திக்கொண்டிருந்ததை அவள் கண்டாள், கவனிக்கவில்லை.

பத்தரை மணியளவில் சந்தியோகு அவளைக் கூப்பிட்டார். கூப்பிட்டது அவளுடைய பேரைச் சொல்லி அல்ல. எப்போதோ செத்துப்போன தன் தமையனின் பேரைச் சொல்லி, "செபமாலை அண்ணை, வலையை இழு" என்றார். அவள் ஓடிவந்தாள். கதிரையில் சாய்ந்திருந்தார். சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, விரல்கள் நடுங்கின.

அலுமாரிக் கதவில் கிளினிக்கில் கொடுத்த காகிதம் ஒட்டியிருந்தது. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுக்கவும் என்று அதில் இருந்தது. அவர் விரலில் குத்தி மெசினில் பார்த்தாள். ஐம்பத்திரண்டு.

மூன்று கரண்டி சீனி. பெட்டியில் மகளின் கையெழுத்து, ஒரு குளிசை ஒரு கரண்டி. கணக்குச் சரியாக இருந்தது. சுடுதண்ணியில் டிக், டிக், டிக் என்று மூன்று தட்டினாள். பயத்தில் இன்னும் மூன்று தட்டினாள். தலையைத் தாங்கிப் பிடித்து மெல்ல மெல்லப் பருக்கினாள். அவர் குடித்தார்.

"இனிக்குதோ?"

"பொல்லாத இனிப்பு" என்று முனகினார்.

அவளுக்கு உயிர் வந்தது. இனிக்கிறதென்றால் சரிதானே. பதினைந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் காகிதத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்து செபம் சொல்லிக்கொண்டு பொறுத்தாள். வியர்வை நிற்கவில்லை. கண் எங்கோ போகத் தொடங்கியது. மறுபடி குத்தினாள். நாற்பத்துநாலு.

"அம்மா! அப்பாவுக்கு என்ன?"

கமராதான். பாரிசில் அப்போது காலை ஏழரை மணி. வேலைக்குப் போகிற ரயிலுக்குள்ளிருந்து றஜிதா பார்த்திருக்கிறாள்.

"சீனி இறங்கிப் போச்சுப் பிள்ளை. குடுத்தனான், ஏறுதில்லை. ஆறு குளிசை குடுத்தனான்."

"என்ன குளிசை?"

"உன்ரை குளிசைதான்."

ரயில் சத்தத்துக்கு மேலால் றஜிதா கத்தினாள்.

"ஐயோ அம்மா, அது சீனி இல்லை! அதிலை ஒண்டுமே இல்லை! நூறு குடுத்தாலும் ஏறாது! சீனி குடுங்கோ, சீனி!"

"நீதானே சமன் எண்டு எழுதினனீ?"

"இனிப்புக்குத்தான் அம்மா சமன். உடம்புக்கு இல்லை. கெதியாச் சீனி குடுங்கோ!"

"வீட்டிலை ஏது சீனி?"

"யோசப்பின் அன்ரியிட்டை—"

"ஒழுங்கையிலை ஒரு குஞ்சும் இல்லை. எல்லாரும் சிலுவைப்பாதைக்குப் போட்டினம். கடையும் பூட்டு. பெரிய வெள்ளி, பிள்ளை."

றஜிதா அழத் தொடங்கினாள். அருமைநாயகி கணவரின் தலையைக் கதிரையில் சாய்த்துவிட்டு எழுந்தாள். நேரே கதவடிக்குப் போனாள்.

"அம்மா? எங்கை போறீங்கள்? அம்மா, நீங்கள் தெரியேல்லை! அம்மா!"

பொலித்தீனை அவிழ்க்கப் பொறுமை இல்லை. பல்லால் கிழித்தாள். ரின்னோடு வெளியே வந்து, கமராவுக்கு நேரே மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். பனங்கட்டியை அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டு, ஒரு பிடியை அள்ளிச் சுடுதண்ணியில் கரைத்தாள். தண்ணீர் கறுத்தது. அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

பத்து நிமிடத்தில் விரல் நடுக்கம் நின்றது. குத்தினாள். எழுபத்தொன்று. இன்னும் கொஞ்சம் கரைத்துக் கொடுத்தாள், பாணும் இரண்டு துண்டு வாயில் தீத்தினாள். நூற்றுநாலு. சந்தியோகு கண்ணைத் திறந்து மேசையைப் பார்த்தார். ரின்னைப் பார்த்தார்.

"ஒருசந்தியை முறிச்சுப் போட்டாய்" என்றார்.

"கஞ்சியை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"கோழிக்கு."

அவள் கீழே குந்தி அவருடைய முழங்காலில் தலையை வைத்தாள்.

"எனக்கு முந்தியே தெரியும்" என்றார் அவர். "நாலரை மணிக்கு நீ கிட்ட வந்தால் பனங்கட்டி மணக்கும். எறும்புக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதே?"

"பேந்து ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் விட்டிடுவாய். ஒரு ஆளாவது தின்னட்டும் எண்டு இருந்தனான்."

அப்போதுதான் கமரா மெல்லக் கதைத்தது. "எத்தினை நாளா அம்மா அது அங்கை இருக்கு?"

"கமரா பூட்டின நாளிலை இருந்து" என்றாள் அருமைநாயகி, தலையைத் தூக்காமல்.

முதல் மூன்று குளிசையைத் தட்டும்போது அந்த ரின் நினைவுக்கு வந்ததா, வரவில்லையா என்று பிறகு பல நாள் யோசித்துப் பார்த்தாள். வரவில்லை என்றுதான் நினைக்கிறாள். ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் அவளால் முடியாது.

உயிர்ப்பு ஞாயிறு கழித்துச் செவ்வாய்க்கிழமை டினேஸ் ஏணியோடு வந்தான். இரண்டாவது கமராவைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் பூட்டினான். றஜிதாவின் குரலில் கோபம் இல்லை. அழுது அழுது அது மென்மையாகிப் போயிருந்தது. அருமைநாயகிக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அம்மா, நீங்கள் மறைஞ்ச அந்த ஒரு நிமிசம் நான் ரயிலுக்கை செத்துப் போனன். அதுக்காகத்தான். வேறை ஒண்டும் நினைக்காதேங்கோ."

"இல்லைப் பிள்ளை."

"வீட்டிலை சீனி இருக்கத்தான் வேணுமெண்டு டொக்டரும் சொல்லிப் போட்டார். போத்தலிலை போட்டுக் கமராவுக்குத் தெரியிற இடத்திலை வையுங்கோ. உங்களுக்கும் ஆசையெண்டால் கேளுங்கோ அம்மா. நான் வேண்டாம் எண்டே சொல்லப் போறன்?"

"ஓம் பிள்ளை."

"அன்ரி, ஒருக்கா நடந்து காட்டுங்கோ" என்றான் டினேஸ்.

அருமைநாயகி குசினிக்குள் நடந்தாள். அடுப்படியில் இருந்து அலுமாரி, அலுமாரியில் இருந்து கதவு, கதவுக்குப் பின்னால் சிலிண்டர்.

"தெரியுது" என்றாள் றஜிதா. "தெரியுது… தெரியுது… தெரியுது."

இப்போது சீனிப் போத்தல் சுவர்த் தட்டின் நடுவில் இருக்கிறது. 'அவசரத்துக்கு மட்டும்' என்று பிளாஸ்டரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எறும்பு ஏறாமல் இருக்க அதை ஒரு தட்டுத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறாள். கேட்டால் கிடைக்கும் சீனி அது. வாயைத் திறந்து, பெற்ற மகளிடம், கணவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கரண்டி சீனி எடுக்கட்டுமா என்று கேட்டால் போதும். அவள் கேட்கவில்லை. சந்தியோகு நான்கு மணியானால் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

அவள் பேணியில் டிக்கென்று ஒரு குளிசை போட்டு, பழக்கத்தில் கதவுக்கும் சிலிண்டருக்கும் இடையில் போய் நின்று குடிப்பாள். எதிர்ச் சுவரில் ஒரு சின்ன நீல வெளிச்சம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அம்மா, சுவரிலை திரும்பவும் ஒரு கோடு தெரியுது."

"எறும்பு, பிள்ளை."

எறும்புகள் வரிசையாக இறங்கித் தண்ணீர்த் தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டன. அந்தப் பக்கம் சீனி. நடுவில் இரண்டு விரல் தண்ணீர். முன்னுக்கு வந்தது நின்று மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, விளிம்போரமாகச் சுற்றத் தொடங்கியது. மற்றவை அதன் பின்னால் போயின.

"துடைச்சு விடுங்கோ அம்மா."

"ஓம்" என்றாள் அருமைநாயகி. பேணியில் மிச்சமிருந்ததை விழுங்கினாள். துணியை எடுத்தாள், துடைக்கவில்லை. அவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.